அறுபத்திரண்டின் வாலில்

பல்லி என்று அவனுக்குப் பெயர் வைத்தது விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கர்தான். ஆள் அவ்வளவு ஒல்லி. தோள் அகலமான மெக்கானிக்குகள் கையை மட்டும் விட்டுத் துழாவும் இடத்தில் இவன் முழு உடம்போடு நுழைந்து, படுத்துக்கொண்டு வேலை பார்ப்பான். விமானத்தில் அவன் போகாத சந்து பொந்து கிடையாது. ஒரிஜினல் பெயரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க இரண்டு நொடி ஆகும்.

அன்று காலை பதினொரு மணிக்கு அவன் நுழைந்தது ஒரு பயணிகள் விமானத்தின் வால் அறைக்குள். நாற்பத்தெட்டுப் பேர் உட்காரும், இரண்டு பக்கமும் விசிறி சுழலும் விமானம். பெட்டிகள் ஏற்றும் அறைக்கும் பின்னால், வால் குறுகிக்கொண்டே போகும் இடத்தில், ஒரு ஆள் குந்தும் உயரத்துக்கு நீளமாக ஓர் அறை உண்டு. அடிப்பக்கம் ஒரு மூடி. ஏணி வைத்து ஏறி, தலையை முதலில் விட்டு, இடுப்பை நெளித்து உள்ளே போக வேண்டும். உள்ளே விளக்கு இல்லை, நிமிர்ந்து உட்கார இடம் இல்லை. வால் துடுப்புகளை இழுக்கும் எஃகுக் கம்பிகள் இரண்டு பக்கமும் ஓடும். அங்கே ஒரு குழாய்ப் பூட்டில் எண்ணெய் கசிகிறது என்று முந்தின விமானி எழுதிவிட்டுப் போயிருந்தார். துடைத்து, இறுக்கி, மறுபடி கசிகிறதா என்று பார்க்கப் பத்து நிமிட வேலை.

இந்த மாதிரி இடத்துக்குள் போவதற்கு ஹேங்கரில் ஒரு முறை உண்டு. போகிறவன் "நான் உள்ளே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே நிற்கிறவன் "நீ உள்ளே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மூடியை மூடுவதற்கு முன் "உள்ளே யார்?" என்று கேட்டு, பதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தாழ் போட வேண்டும். கையெழுத்து, முத்திரை எல்லாம் அப்புறம். முதலில் வாய் வார்த்தை.

சிக்கல் என்னவென்றால், அன்று வெளியே நின்றது மச்சான்.

பேச்சுக்குச் சொல்கிற மச்சான் இல்லை. மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இருவரும் ஒரே ஷிஃப்ட், ஒரே குழு. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாமனாரை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்த அன்று, மாப்பிள்ளை போய் அழைத்து வருவான் என்று மச்சானும், மகன் போய் அழைத்து வருவார் என்று இவனும் இருந்துவிட்டார்கள். பெரியவர் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டார். இவர்கள் மறக்கவில்லை. நீயா நானா என்று தொடங்கி, உன் குடும்பம் என் குடும்பம் என்று வளர்ந்து, முகத்தில் முழிப்பதே நின்றுபோயிற்று.

வேலையில் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மச்சான் மூன்றாம் ஆளைப் பார்த்து, "பெரிய ஸ்பேனர் யார் கையில இருக்கோ அவங்க குடுத்தா நல்லாருக்கும்" என்பார். பல்லி ஸ்பேனரை அந்த மூன்றாம் ஆளிடம் நீட்டுவான். ஹேங்கருக்கு நல்ல பொழுதுபோக்கு. இரண்டு பேரையும் திட்டித் திட்டிப் பல்லியின் மனைவிக்குத்தான் தொண்டை வற்றியது. "யாராவது ஒருத்தர் வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளும் கைகழுவிவிட்டாள்.

ஆக, ஏணியில் ஏறும்போது பல்லி "நான் உள்ளே" என்று சொல்லவில்லை. மச்சான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தார். கண் இருக்கிறதே, பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டான்.

வேலையை முடித்து அவன் துணியை மடிக்கும்போது கீழே நிழல் ஆடியது. மூடி மேலே வந்து வெளிச்சத்தை அடைத்தது. விரல் முட்டியால் இரண்டு தட்டு. அவ்வளவுதான். "உள்ளே யார்?" வரவில்லை.

பல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்கட்டுமே, கேட்டால் குறைந்தா போய்விடுவார்? கேட்காமல் மூடக் கூடாது என்பது சட்டம். கேட்டுத்தான் ஆக வேண்டும். எட்டு மாதத்தில் முதல் வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வரப்போகிறது. இதை நினைத்து இருட்டில் அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தான். நான்கு தாழ்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

ஆட்டம் காட்டுகிறார் என்று நினைத்தான். இரண்டு நிமிடம் பொறுத்தான். இன்னும் மூன்று நிமிடம் வீம்பாகப் பொறுத்தான். பிறகு மூடியைத் தட்டினான். பிறகு ஸ்பேனரால் அடித்தான். கீழே கேட்க ஆள் இல்லை. முன்சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் இவன் சத்தம் எந்த மூலைக்கு? பெட்டிக் கதவு மூடியது. பயணிகள் ஏறும் படிக்கட்டு மடங்கும் அதிர்வு வந்தது. ஒரு என்ஜின் முனகித் தொடங்கியது, பிறகு இன்னொன்று.

அப்போதுதான் பயம் வந்தது, அதுவும் முழுதாக வந்தது. பயணிகள் இருக்கும் பகுதிக்குத்தான் காற்று அடைத்து வைப்பார்கள். வால் அறைக்குக் கிடையாது. இருபதாயிரம் அடி மேலே போனால் மூச்சு விட ஒன்றும் இருக்காது. குளிரில் கை விரல் மடங்காது. அதற்கு முன்னாலேயே, ஏறும்போது சறுக்கி இவன் கால் ஒரு கம்பியில் மாட்டினால் வால் துடுப்பு திரும்பாது. இவனோடு சேர்ந்து நாற்பத்தெட்டுப் பேரும் போவார்கள். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்த அறையின் ஒவ்வொரு அங்குலமும் பல்லிக்குத் தெரியும். உயிரோடு இறங்கி வர அங்கே வழி இல்லை என்பதும் தெரியும்.

கைபேசி லாக்கரில் இருந்தது. ஆனால் இடுப்பில் ரேடியோ இருந்தது. விமானத்தை டிராக்டரில் கட்டி இழுத்துப் போகும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி கேட்பதற்காகக் கொடுத்த கையடக்க ரேடியோ. விமானிகள் பேசும் அதே அலைவரிசையில் பேசலாம். உள்ளே போகும் முன் அதைக் கழற்றி வைக்க வேண்டும். சோம்பேறித்தனத்தால் கழற்றவில்லை. அவனுடைய சோம்பேறித்தனம் பிறந்ததிலிருந்து அவனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

திருகினான். சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. பேட்டரி ஒரே ஒரு கோடு. நேற்றே சார்ஜில் போட்டிருக்க வேண்டியது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கேட்கலாம். நிறையப் பேசத்தான் முடியாது, பட்டனை அழுத்தினால் பேட்டரியைக் குடித்துவிடும்.

கோபுரத்திலிருந்து டீச்சரின் குரல் பக்கத்தில் நிற்பதுபோல வந்தது. டீச்சர் என்பதும் ஹேங்கர் வைத்த பெயர்தான். அலைவரிசையில் ஒரு வார்த்தை அதிகம் பேசினாலும் அந்த அம்மா பெஞ்சில் ஏற்றாத குறையாகத் திட்டுவார்.

பல்லி பட்டனை அழுத்தினான். "டவர், நான் ஹேங்கர் மெக்கானிக். ஃப்ளைட் வால்ல மாட்டிக்கிட்டேன். மூடிட்டாங்க. நிறுத்தச் சொல்லுங்க."

"யாரு பேசறது?" என்றார் டீச்சர். "கரகரன்னு வருது, ஒண்ணும் புரியல. மறுபடி சொல்லுங்க."

புரியாதுதான். சுற்றிலும் அலுமினியம். உள்ளே வருகிற குரல் எப்படியோ இடுக்கில் நுழைந்து வந்துவிடுகிறது; கையளவு ஏரியல் வைத்த ரேடியோவின் குரல் வெளியே போக வழியில்லை. ஓர் இடத்தைத் தவிர. வாலின் கடைசி நுனிக் கூம்பு உலோகம் இல்லை, ஃபைபர். போன வருடம் அதைக் கழற்றி மாட்டியதே இவன்தான். அதன் பக்கத்தில் போய்விட்டால் குரல் வெளியேறும்.

இரண்டு ஆள் நீளத் தூரம். நடுவில் கம்பிகள். குப்புறப் படுத்து, கைகளை முன்னால் நீட்டி, ஊர்ந்தான். பாதி வழியில் விமானி மிதிகளை மிதித்துச் சோதித்துப் பார்த்தார். காதை ஒட்டி ஒரு கம்பி சரக்கென்று முன்னால் ஓடி, பின்னால் ஓடி நின்றது. சட்டைக் காலர் அதில் சிக்கிக் கிழிந்தது. கழுத்து சிக்கவில்லை. பல்லி அசையாமல் கிடந்தான். மகள் முகமும் மனைவி முகமும் ஞாபகத்துக்கு வரும் என்பார்கள். அவனுக்கு வந்தது மச்சான் முகம். அதில் இன்னும் எரிச்சல்தான்.

கம்பி ஓய்ந்ததும் மிச்ச தூரத்தையும் ஊர்ந்து, ரேடியோவைக் கூம்பின் மேல் அழுத்திப் பிடித்தான்.

"டவர், நான் சின்னவ வால்ல இருக்கேன். சின்னவள நிறுத்துங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த விமானக் கம்பெனிக்கு அக்கா தங்கைபோல இரண்டு விமானங்கள். ஹேங்கருக்கு அவர்கள் பெரியவ, சின்னவ. வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கோபுரத்துக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது அன்றைய பயண எண் மட்டும். எந்த எண்ணுக்கு எவள் போகிறாள் என்று பார்க்க வேண்டிய அவசியம் ஒரு மெக்கானிக்குக்கு வந்ததே இல்லை.

"சின்னவளா?" டீச்சரின் குரலில் சூடு ஏறியது. "வேலிக்கு வெளிய நின்னு எவனோ ரேடியோவ வச்சு விளையாடறான். போன வாரமும் இதே கூத்துதான். இது விமானங்களுக்கான அலைவரிசை. வைங்க கீழ."

இவ்வளவு நேரம் பயம்தான் இருந்தது. இப்போது அழுகையும் வந்தது. குரல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனாலும் நம்பவில்லை. கோடு மினுக்கத் தொடங்கியிருந்தது. இனி ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாது. முதலில் தான் எந்த எண்ணில் இருக்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதில் டீச்சர் இருக்கிறார், உடம்பின் கீழே விமானம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

"நாற்பத்தேழு, இடது பக்கம் திரும்பிப் போங்க" என்றார் டீச்சர்.

"நாற்பத்தேழு, இடது" என்றது ஓர் ஆண் குரல்.

பல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். விமானம் நின்ற இடத்தில்தான் நின்றது. ஆக, இவன் நாற்பத்தேழில் இல்லை. இல்லாவிட்டால் அந்த விமானி இன்னும் நகர்த்தவில்லை. எண்ணிப் பார்த்தான், இருபது வரை. அசைவில்லை.

"அறுபத்திரண்டு, நேரா வந்து வலது பக்கம் திரும்புங்க."

"அறுபத்திரண்டு, வலது."

தரை நகர்ந்தது. பிறகு உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூம்பில் இடித்தது. தன்னுடைய வலது கைப்பக்கம். அவன் வாலைப் பார்த்துத் தலை வைத்துக் கிடந்தான்; அவன் வலது விமானத்துக்கு இடது. விமானம் வலது பக்கம் திரும்பினால்தான் உடம்பு இப்படி இடது பக்கம் ஒதுங்கும். இருந்தும் நிச்சயம் வேண்டுமே.

"அறுபத்திரண்டு, அங்கயே நில்லுங்க. குறுக்க ஒரு வேன் போகுது."

பிரேக். பல்லி இரண்டு சாண் பின்னால் வழுக்கிப் போனான். அறுபத்திரண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாழ்க்கையில் யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மறுபடி முன்னால் ஊர்ந்து, பட்டனை அழுத்தினான். "டவர், அறுபத்திரண்டு" என்ற அளவில் திரை இருண்டது. விரலை எடுத்ததும் மறுபடி மங்கலாக வெளிச்சம் வந்தது. பேசுகிற அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இல்லை.

பிறகு டீச்சர் பேசினார், குரலை மாற்றிக்கொண்டு. "இப்ப பட்டன அழுத்தினது யாரு? உங்க குரல் வரல. வால்னு சொன்னீங்களே, நிஜமாவே ஒரு விமானத்துக்குள்ள இருந்தா பட்டன ரெண்டு தடவ அழுத்துங்க. பேச வேணாம்."

பல்லி இரண்டு முறை அழுத்தினான். மூன்றாவது முறைக்குத் திரை இடம் கொடுக்காது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு கேட்டுச்சு" என்றார் டீச்சர். "தரையில இருக்கற விமானமா? ஆமான்னா மறுபடி ரெண்டு."

அழுத்தினான். திரை கறுத்தது, மீண்டது. வெளியே ஒன்றும் போகவில்லை.

"அறுபத்திரண்டு தயார்" என்று விமானி சொன்னார். "ரன்வேல நிக்கறோம். கிளம்பலாமா?"

"அறுபத்திரண்டு, கொஞ்சம் பொறுங்க."

"பின்னாடி இன்னொரு விமானம் தரையிறங்க வந்துட்டிருக்கு மேடம்."

"தெரியும், பொறுங்க. ஹேங்கர், ஹேங்கர். உங்க ஆளுங்க எல்லாரும் வெளியில இருக்காங்களா? விமானத்துக்குள்ள யாராவது மாட்டிட்டிருக்காங்களா? உடனே பதில் சொல்லுங்க."

யாரோ பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது. பேச்சு இல்லை. பின்னணியில் டிராக்டர் என்ஜின் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது, நான்கு துடிப்புக்கு ஒன்றைத் தவறவிட்டபடி. அந்த டிராக்டரை ஓட்டுகிறவர் ஒரே ஆள்தான்.

பல்லி இருட்டில் கண்ணை மூடினான். மச்சானுக்கு ஒரு வார்த்தைதான் வேலை. எல்லாரும் வெளியில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால், டீச்சர் வேலிக்கு வெளியே நிற்கும் எவனையோ இன்னொரு முறை திட்டிவிட்டு விமானத்தை விட்டுவிடுவார். மச்சான் அப்படித்தான் சொல்வார் என்று பல்லிக்குத் தோன்றியது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று சொன்னால், வேலைக்குச் சான்று குத்தும் அவர் முத்திரை போகும். பதினேழு வருடம் படித்தும் பரீட்சை எழுதியும் வாங்கிய உரிமம் போகும். பல்லி ரேடியோவை வாயோடு ஒட்டி, அழுத்தாமலே பேசினான். "மச்சான், நான் உள்ளதான் இருக்கேன். மச்சான்." எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வந்தது, கேட்கத்தான் யாரும் இல்லை.

டிராக்டர் துடித்துக்கொண்டே இருந்தது.

"ஹேங்கர், பட்டன அழுத்திட்டு சும்மா இருக்காதீங்க" என்று டீச்சர் சொல்லியிருப்பார்; பட்டன் விடாமல் அழுந்தியிருந்ததால் அவர் குரலும் வரவில்லை.

பிறகு மச்சான் பேசினார். "அறுபத்திரண்டு. வால் ரூம்ல ஆள் இருக்கான். என் தங்கச்சி வீட்டுக்காரன். எஞ்சின நிறுத்தச் சொல்லுங்க."

என்ஜின்கள் ஓய்ந்த பிறகும் பல்லியின் காதில் சத்தம் நிற்கவில்லை. ஏணி மோதியது. தாழ்கள் விடுபட்டன. வெளிச்சத்தோடு முதலில் தெரிந்தது மச்சானின் முகம். பத்து வயது கூடிப்போனதுபோல இருந்தது. பல்லிக்குக் கால் மரத்து ஏணியில் நிற்கவில்லை. மச்சான் இடுப்பைப் பிடித்து இறக்கி, ரன்வேயின் சூட்டில் உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் ஒட்டியிருந்தது.

பல்லி பாதி பாட்டிலைக் குடித்தான். பிறகு கேட்டான். "நான் அறுபத்திரண்டுலதான் இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது மச்சான்?"

மச்சான் தரையைப் பார்த்தார். "மூடும்போது உன் ஷூ தெரிஞ்சுது மாப்ள."

"தெரிஞ்சே மூடினீங்களா?"

"நீ கூப்பிடுவேன்னு பாத்தேன். 'மச்சான், தொறங்க'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நெனச்சேன். அதுக்குள்ள பெரியவளுக்கு டயர்ல காத்து கம்மின்னு கூப்பிட்டாங்க, ஓடினேன். வந்து பாத்தா சின்னவள அறுபத்திரண்டுன்னு சொல்லித் தள்ளிட்டுப் போயிட்டாங்க. நீ எப்படியும் கத்தி வெளிய வந்திருப்ப, எங்கயாவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பன்னு சுத்திச் சுத்தித் தேடினேன். யார்கிட்டயும் கேக்கல. அந்தம்மா கேட்டப்ப வாயே வரல மாப்ள."

பல்லி கையை ஓங்கினான். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. இருட்டுக்குள் உட்கார்ந்து, தாழ் விழ விழ, சிரித்துக்கொண்டு காத்திருந்தது யார்? ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். மூடி பாதி திறந்திருந்தபோது, இரண்டு தட்டுக் கேட்டபோது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான். மச்சான் மேல் வந்த கோபம் பாதி தூரம் போய், திரும்பி இவன் மேலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது. கையை இறக்கி, மச்சானின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜீப்பில் பாதுகாப்பு அதிகாரி வந்து இறங்கினார். கையில் அட்டை, அட்டையில் படிவம். விமானியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்த மூடிய மூடினது யாரு?" என்றார் அதிகாரி.

மச்சான் எழுந்தார். "நான்தான் சார்."

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மூடினோம் சார்" என்றான் பல்லி, உட்கார்ந்தபடியே.

"இவர் வெளிய இருந்தார், நீங்க உள்ள இருந்தீங்க. ரெண்டு பேரும் சேந்து எப்படிங்க மூட முடியும்?"

படிவத்தில் மூடியவர் பெயருக்கு ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். அதிகாரி இவர்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த ஒரு வரியிலேயே இரண்டு பெயரையும் நெருக்கி எழுதத் தொடங்கினார்.